இரண்டாம் முறை எடுத்த ரத்தம்

மே 4, திங்கள்

காலையிலேயே வெயில். ஆய்வறையில் கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. ஃப்ரீசர் அலாரம் வேறு. இன்வெர்ட்டர் ஆளுக்கு போன் செய்தால் "வந்துட்டே இருக்கேன்" என்கிறார். போன வாரமும் வந்துகொண்டேதான் இருந்தார்.

செய்ய வேண்டியது:
- பெங்களூர் டேட்டாவை இறக்குவது
- கேஸ் புக்கிங்
- ஐஸ் பெட்டி மூடி உடைந்தது, புதிது
- அம்மாவுக்கு போன். திட்டு நிச்சயம்.

டேட்டா வந்துவிட்டது. ஃபோம் கம்பெனி ஆட்களின் ரத்தம். ஜனவரியில் ஒரு தடவை எடுத்தோம், மோல்டிங் பிரிவில் ஆவியை வெளியே இழுக்கும் புது எக்ஸாஸ்ட் போடுவதற்கு முன்னால். ஏப்ரலில் இன்னொரு தடவை, போட்ட பின்னால். கார் சீட்டுக்கு ஃபோம் வார்க்கிற அந்த ரசாயனத்தின் ஆவி சிலருக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். பக்கத்திலேயே நிற்கிற இன்னொருவருக்கு ஒன்றும் செய்யாது. ஏன் என்பதுதான் இரண்டு வருடமாக என் பிழைப்பு.

அம்மா போனில், காவேரிப்பட்டணத்திலிருந்து. "அப்புடி என்னதான்டி பாக்கற அந்த ரத்தத்துல?"

"உடம்பக் காவல் காக்கற செல்லுங்க இருக்குதும்மா. சில பேருக்கு அது சும்மா புகையப் பாத்தாலே திருடன் வந்துட்டான்னு ஊரையே கூட்டிரும். எந்த செல்லு கூட்டுது, அதுக்குள்ள எந்த மரபணு முழிச்சிருக்குதுன்னு ஒவ்வொண்ணா பாக்கறேன்."

"பாத்தா சரியாயிருமா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு?" என்றாள். பிறகு மாங்காய்க்குப் போய்விட்டாள். காற்றில் பிஞ்செல்லாம் கொட்டுகிறதாம்.

மே 6, புதன்

படம் வந்துவிட்டது. இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

ஒரு செல்லுக்கு ஒரு புள்ளி. ஜனவரிப் படத்தில் வலது மூலையில் சிவப்புப் புள்ளிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஊரைக் கூட்டுகிற செல்கள் அவைதான். ஏப்ரல் படத்தில் அந்த மூலை சந்தை முடிந்த மைதானம் மாதிரி கிடக்கிறது. எல்லோருக்கும் இல்லை, பாதிப் பேருக்கு. ஆனாலும் இவ்வளவு சுத்தமாக ஆஸ்துமா ரத்தம் அடங்கி நான் பார்த்ததில்லை.

ஆய்வுத் தலைவர் சாருக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன். சார் சந்தோஷப்பட்டு நான் கேட்டதே இல்லை, குரல் யாரோ போல இருந்தது. "எக்ஸாஸ்ட் வேலை செய்யுதும்மா. ஜீன் லெவல்ல காட்டியிருக்கோம். கம்பெனிக்கு ஒரு ஸ்லைடு அனுப்பிடறேன்."

இன்னும் சரிபார்க்க வேண்டியது இருக்கிறது என்றேன். பாருங்க, பாருங்க என்றார். அதற்குள் அனுப்பியிருப்பார்.

எனக்கும் சந்தோஷம்தான்.  

மே 8, வெள்ளி

இன்று ஒரு விதியை மீறினேன். எழுதி வைக்கிறேன்.

கீழ் வீட்டு முத்துலட்சுமி மீன் குழம்பு கொண்டுவந்தாள். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த லைன் வீடுதான். கணேசன், அவள் வீட்டுக்காரர், மோல்டிங்கில் ஆறு வருடம். ஜனவரியில் மூச்சு இழுத்து, கம்பெனி டாக்டர் அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் எங்கள் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தார். நான்தான் கேட்டேன்.

பேக்கிங்கில் இருந்தால் பெர்மனெண்ட் கிடையாது. மோல்டிங் ஆட்களுக்கு மட்டும் இந்த மாதம் பட்டியல் போடுகிறார்களாம். மறுபடி மோல்டிங்குக்கே கேட்கலாமா, பயமாக இருக்கிறது என்று அவர் ஒரு வாரமாகத் தூங்கவில்லை என்றாள்.

கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "நீங்கதான் அவுக ரத்தத்தப் பாத்திருப்பீகளேக்கா. என்ன சொல்லுது?"

தனி ஆளின் முடிவைச் சொல்லக்கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் அவள் நின்ற விதம். கணேசனின் சாம்பிள் எண் எனக்குத் தெரியும். திறந்து பார்த்தேன். ஜனவரியில் மூலை நிறையச் சிவப்பு. ஏப்ரலில் ஒன்றுமே இல்லை. இருக்கிறதிலேயே சுத்தமான ரத்தம் அவருடையதுதான்.

"நல்லா இருக்குது முத்து. பழைய கோளாறு அடங்கிருச்சு."

அழுதுவிட்டாள். கீழே ஓடினாள். ஐந்து நிமிடத்தில் கேசரி. முந்திரி எல்லாம் என் கிண்ணத்தில்தான்.

எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு என் படிப்பு யாருக்கோ பிரயோஜனப்பட்டது போல இருந்தது.

மே 11, திங்கள்

கணேசன் மோல்டிங்குக்குப் போய்விட்டார். கம்பெனி டாக்டர் குழாயில் ஊதச் சொன்னாராம், ஊதினாராம், அளவு சரியாக இருந்ததாம். நாலு மாதம் ஆவி படாமல் இருந்தவர் நன்றாகத்தான் ஊதுவார். அது எனக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் என் படம் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

படியில் பார்த்தபோது, "நீங்க சொன்னதுக்கப்புறம்தான் மேடம் தைரியமே வந்துச்சு" என்றார். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது.

சாயங்காலம் இடி. மழை இல்லை. அத்திப்பள்ளியில் லாரி கவிழ்ந்து ஓசூர் வரை நெரிசல், ஒன்றரை மணி நேரம் பஸ்ஸிலேயே.

மே 13, புதன்

காலையில் பல் துலக்கும்போது கீழே இருமல். குளியலறை ஜன்னல்கள் இரண்டும் ஒரே சந்தில் திறக்கின்றன, எல்லாம் கேட்கும். வறட்டு இருமல். நின்று, மறுபடி.

சூட்டுச் சளியாம், முத்து சொல்கிறாள். ஊரெல்லாம் இருமல்தான். என் பஸ்ஸிலும் நாலு பேர்.

ஆய்வறைக்குப் போனதும் முதல் வேலையாக அவர் படத்தைத் திறந்தேன். சுத்தம். மனசு சமாதானமானது. ஒரு ஆள் இருமுவதைக் காதால் கேட்டுவிட்டு, இருமவில்லை என்று கம்ப்யூட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஜென்மம் நான் ஒருத்திதான் இருப்பேன்.

இன்வெர்ட்டர் ஆள் வந்தார். பேட்டரி போச்சு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மே 15, வெள்ளி

கணேசன் போனில் ஒரு போட்டோ காட்டினார். கேட்டுக்கு வெளியே இருக்கிற கம்பெனி நோட்டீஸ் போர்டு. என் படம், கலரில். அதன் கீழே 'நமது பணியிடக் காற்று பாதுகாப்பானது'. ஓரமாக எங்கள் ஆய்வகத்தின் பெயர்.

"ஒங்க படந்தான மேடம்? எல்லாரும் நின்னு பாக்காங்க. வெக்கையா இருந்தா மாஸ்க்கக் கழட்டிக்கிடலாம்னு சூப்பர்வைசரே சொல்லிட்டாரு."

மாஸ்க்கைக் கழற்றாதீர்கள் என்றேன். சரி மேடம் என்றார். சொல்லும்போது நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்கினார். என் காதில் விழுந்தது. விழுந்தது அவருக்கும் தெரியும். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சாருக்கு மெசேஜ்: 'கம்பெனி இப்படி எழுதியிருக்கிறது, நாம் அப்படிச் சொல்லவில்லையே?' கட்டைவிரல் குறி ஒன்று பதிலாக வந்தது. அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது?

மே 17, ஞாயிறு

மழை, கடைசியில். துணி எல்லாம் நனைந்தது.

முத்து துணி எடுக்க வந்தவள் சொன்னாள்: பழைய நீல இன்ஹேலர் பம்பைப் பையில் வைத்துக்கொண்டு போகிறாராம். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாராம். "ஞாயித்துக்கெழம லேசாத்தான் இருக்கு. திங்கக்கெழம போனா கூடுது. அதென்னக்கா?"

எனக்குத் தெரியும் அது என்ன. பாடப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருப்பது. லீவில் குறைந்து வேலை நாளில் கூடினால் வேலையிடம்தான் காரணம்.

அப்படியானால் படம்? ஏப்ரல் ரத்தம்? இரண்டும் ஒரு சேர உண்மையாக இருக்க முடியாது. நாளைக்கு ரத்தம் எடுக்கத் தளி போக வேண்டும். செவ்வாய்க்கிழமை முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிடுவது.

மே 18, திங்கள்

 வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை பஸ்ஸில் தளி. ரத்னா சிஸ்டரோடு. எங்கள் ஆய்வுக்கு வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவள் அவள்தான். தளிக்காரி, கன்னடம் வீட்டில், தமிழ் எங்களோடு, தெலுங்கு யார் கேட்டாலும். நல்ல கை, குத்துவதே தெரியாது. அங்கே பசுமைக்குடில் ரோஜாவில் மருந்து அடிக்கிறவர்களைப் புதிதாகச் சேர்க்கிறோம். குளிர். ஸ்வெட்டர் எடுக்கவில்லை.

மூன்றாவது வீடு. அந்த ஆள் பூ ஏற்றிக்கொண்டு மார்க்கெட் போய்விட்டார். சரி, கிளம்பலாம் என்று எழுந்தேன். அவர் மனைவி உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையை நீட்டினாள். ரத்னா ரப்பர் பட்டையைக் கட்டத் தொடங்கிவிட்டாள். டியூபில் அந்த ஆளின் எண் ஒட்டியிருக்கிறது.

"என்ன பண்ற ரத்னா?"

"அவரு இல்ல மேடம். இவங்க குடுக்கறாங்க."

"இவங்கது எதுக்கு?"

ரத்னா என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "வீட்டுக்கு ஒருத்தர்தான மேடம்? ரேஷன் கடையில கார்டுல இருக்கற யாரு ரேகை வெச்சாலும் அரிசி போடறாங்கல்ல."

அந்த அம்மாவும் தலையாட்டினாள். இவ்வளவு தூரம் வந்தவர்களை வெறும் பெட்டியோடு அனுப்புவது எப்படி என்று கன்னடத்தில் சொன்னாள். அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்.

வெளியே வந்து கேட்டேன். "ஓசூர்லயும் இப்படித்தான் எடுத்தியா?"

"மொதல் வாட்டி இல்ல மேடம். அது கம்பெனி கேம்ப், அவங்கவங்களே வந்தாங்க. ரெண்டாவது வாட்டி வீட்டுக்குப் போனேனா, பாதி ஆளு நைட் ஷிஃப்ட்லேர்ந்தே வரல. நீங்கதான் காலையில ஏழு மணிக்குள்ள டியூப் வேணும்னீங்க. அந்தந்த வீட்டம்மா குடுத்தாங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனூ ஆகல்ல மேடம். ஒரே வீடு, ஒரே சோறு" என்றாள்.

ஒன்றும் ஆகாதாம்.

அவள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. யார் ரத்தம் வேண்டும், ஏன் அவருடையதே வேண்டும் என்று நான் அவளுக்கு ஒரு நாளும் சொல்லவில்லை. டியூபை எப்படிக் குலுக்குவது, ஐஸ் எவ்வளவு போடுவது, எல்லாம் சொன்னேன்.

கணேசன் வீட்டில் யார் கொடுத்தது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. தளியில் சிக்னல் இல்லை, டேட்டாவும் திறக்காது. ஓசூர் வந்து சேர்வதற்குள் ஆய்வறை இருக்கும் கட்டடத்தைப் பூட்டிவிட்டார்கள்.

மே 19, செவ்வாய்

வானம் மூடிக்கிடக்கிறது.

வாட்ச்மேனுக்கு முன்னாலேயே போய் ஆய்வறை வாசலில் நின்றேன்.

ஒரு மரபணு உண்டு. பெண்ணின் செல்லில் மட்டும் விழித்திருக்கும், ஆணின் செல்லில் தூங்கும். அதைப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. எல்லாம் ஆண்கள்தானே என்று ஆண் பெண் வித்தியாசம் காட்டும் மரபணுக்களையெல்லாம் ஆரம்பத்திலேயே தள்ளிவிட்டுத்தான் படம் போட்டேன். எல்லா ஆய்வகத்திலும் செய்வதுதான். கண்ணால் காண்பதும் பொய் என்பார்கள். நான் கண்ணையே கட்டிக்கொண்டு கண்டிருக்கிறேன்.

தள்ளியதைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தேன்.

ஜனவரி டியூப்கள்: எல்லாம் ஆண்.
ஏப்ரல் டியூப்கள்: பாதி பெண்.
அடங்கிய ரத்தம் என்று நான் கொண்டாடியது அத்தனையும் அந்தப் பாதி.
மற்ற பாதியில் சிவப்பு மூலை அப்படியே இருக்கிறது. கொஞ்சம் கூடியும்.

கணேசனின் ஏப்ரல் ரத்தம்: பெண். முத்து.

எக்ஸாஸ்ட் எதையும் சரி செய்யவில்லை.

சாருக்கு போன்.  "அந்த சாம்பிள்களை எல்லாம் எடுத்துடுங்க. மிச்சத்தை வெச்சு என்ன சொல்லலாம்னு பாப்போம். வெள்ளிக்கிழமை மீட்டிங் வரைக்கும் வெளியில யார்கிட்டயும் வேண்டாம்."

"அங்க ஆளுங்க வேலை செய்றாங்க சார். மாஸ்க் இல்லாம."

"நான் அவங்ககிட்ட பேசறேன்." எப்போது என்று சொல்லவில்லை.

கணேசனுக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். ஷிஃப்டில் போன் கேட்டிலேயே வாங்கிவிடுவார்கள். ஷேர் ஆட்டோ பிடித்து கம்பெனி கேட்டுக்கே போனேன். செக்யூரிட்டி தமிழ் தெரியாத ஆள், எழுதிக் கொடுத்தேன். ஷிஃப்ட் முடியும்வரை எதிர் டீக்கடையில். கடைக்காரர், "யாருக்கும்மா வெயிட்டிங்?" இன்னொரு டீ சொன்னேன்.

வந்தார். முகம் வெளுத்து, தோள் இரண்டும் காது வரை ஏறி. மூச்சை இழுக்க உடம்பு முழுக்க வேலை செய்துகொண்டிருந்தது.

"நாளைக்கு உள்ள போகாதீங்க கணேசன்."

"ஏன் மேடம்?"

இங்கேதான். இங்கே நான் என்ன சொன்னேன் என்பதை மாற்றாமல் எழுதுகிறேன். "டெஸ்ட்ட மறுபடி ஒரு தடவ பண்ணணும். அதுவரைக்கும் பேக்கிங்குக்கே திரும்பப் போயிருங்க." அவ்வளவுதான் சொன்னேன். அது உங்கள் ரத்தமே இல்லை என்று சொல்லவில்லை. சார் சொன்னதற்காக என்று நினைத்துக்கொண்டேன். இல்லை. முத்து கையை நீட்டியது அவருக்குத் தெரிந்தால் வீட்டில் என்ன ஆகுமோ என்றும் நினைத்தேன். அதுவும் முழுக்க இல்லை. கேசரியைச் சாப்பிட்டேனே, அந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்றுதான்.

அவர் சிரித்தார். "நாளைக்கு ஒரு நா மட்டும் மேடம். பட்டியல் போடுதாங்க. ஆளில்லன்னா பேர வெட்டிருவாங்க. வியாழக்கெழம நீங்க எத்தன டியூப் வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க."

"மூச்சு வாங்குதே."

"மழைக்கு. ரத்தந்தான் நல்லாருக்கே மேடம்."

கம்பெனி பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். நான் அடுத்த ஆட்டோவில்.

வீட்டுக்கு வந்து கீழ் வீட்டுக் கதவு வரை போனேன். உள்ளே டிவி சத்தம், சாப்பாட்டு வாசனை. முத்து ஏதோ சொல்ல அவர் சிரித்து, சிரிப்பு இருமலாகி. தட்டவில்லை. காலையில் அவர் கிளம்புமுன் சொல்லிவிடுவது. முழுதாக.

மே 20, புதன்

கண் விழித்தபோது கம்பெனி பஸ் போய்விட்டிருந்தது. அலாரம் வைத்திருந்தேன். அணைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

கம்பெனி ஆபீசுக்கு போன், நாலு தடவை. "மெசேஜ் பாஸ் பண்றோம் மேடம்."

சாருக்கு போன். எடுக்கவில்லை. நானே மெயில் எழுதினேன், கம்பெனி மேனேஜருக்கு, சாருக்கும் நகல். அந்தப் படம் தப்பு, ஏப்ரல் ரத்தம் பாதி வேறு ஆட்களுடையது, மாஸ்க் இல்லாமல் யாரையும் நிறுத்தாதீர்கள். அனுப்பினேன். வேலை போனால் போகட்டும்.

பதினொரு மணி போல கீழே முத்துவின் குரல். சத்தம் இல்லை, அக்கா என்று மட்டும். யாரோ சூப்பர்வைசர் போன் செய்திருக்கிறார். கணேசன் மோல்டிங் லைனிலேயே விழுந்துவிட்டாராம்.

மே 20, ஆஸ்பத்திரி வராண்டா

இந்தப் பேனா சரியாக எழுதவில்லை.

உள்ளே குழாய் போட்டிருக்கிறார்கள். மெஷின் மூச்சு விடுகிறது. கண்ணாடி வழியாகக் கால் மட்டும் தெரிகிறது. பாதத்தில் ஃபோம் துணுக்கு ஒட்டியிருக்கிறது, மஞ்சளாக.

முத்து அழவில்லை. வந்ததிலிருந்து என் கையை விடவில்லை. "நீங்க இருக்கீகளேக்கா, ஒங்களுக்குத் தெரியாததா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள். கம்பெனி ஆள் ஒருவர் வந்து நின்றுவிட்டு, போன் பேசப் போனவர் திரும்பவில்லை.

டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயது, களைப்பு. "இவருக்கு முன்னாடியே வீசிங் இருந்துச்சா?"

"முன்ன இருந்துச்சு சார். இப்ப இல்ல" என்றாள் முத்து. "இந்த அக்கா ரத்தம் பாத்து நல்லாருக்குன்னு சொன்னாக. அதுக்கப்புறந்தான் பழைய செக்சனுக்கே போனாக."

டாக்டர் என்னைப் பார்த்தார். ஜனவரி ரத்தத்தில் என்ன இருந்தது, எந்த ரசாயனம் ஒத்துக்கொள்ளாது, எல்லாம் சொன்னேன். இங்கிலீஷில் சொன்னேன், வேகமாக. அவர் எழுதிக்கொண்டார்.

"அப்ப அந்த செகண்ட் சாம்பிள்?"

இதை இங்கிலீஷில் சொல்ல முடியவில்லை. அவள் கை என் கைக்குள் இருந்தது.

"ரெண்டாவது ரத்தம் அவரோடது இல்ல டாக்டர்."

"ஆமா சார்" என்றாள் முத்து, உதவியாக. "அன்னைக்கு அவுக ஷிஃப்ட்ல இருந்து வரல. சிஸ்டரு காத்துக்கிட்டு இருந்தாக. நான்தான் குடுத்தேன்."

டாக்டர் எழுதியதை மடித்துக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது. முத்து கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக என் கையை விட்டாள்.

"அப்போ அன்னைக்கு நல்லாருக்குன்னு சொன்னது என்னையவாக்கா?"

ஆமாம் என்றேன்.